பேச்சுப் பயிற்சி: குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும்

பேச்சுப் பயிற்சி என்பது உச்சரிப்பைத் திருத்துவது மட்டுமன்று. பிறர் கூறுவதைப் புரிந்துகொள்ளுதல், தம் எண்ணத்தை வெளிப்படுத்துதல், குரல் வளம், திக்கலின்றிப் பேசுதல், உணவைப் பாதுகாப்பாக விழுங்குதல் ஆகியனவும் இதில் அடங்கும். பேச இயலாதோர் சைகை, படம் ஆகியவற்றின் வழியே கருத்தைத் தெரிவிக்கவும் இப்பயிற்சி உதவுகிறது.

குழந்தைகளிடம் கவனிக்க வேண்டியவை

• 12 மாதத்தில், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமை
• 18 மாதத்தில், பொருளுள்ள சொல் எதுவும் பேசாமை
• 2 வயதில், "அம்மா வா", "பால் வேணும்" என இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை
• 3 வயதிற்குப் பின்னும், வீட்டாரைத் தவிரப் பிறருக்குப் பேச்சு விளங்காமை
• எந்த வயதிலும், முன்பு பேசிய சொற்களை இழத்தல்

இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் மருத்துவரை அணுகுங்கள். "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" எனக் காத்திருக்க வேண்டா. மொழி விரைந்து வளரும் முதல் சில ஆண்டுகளே பயிற்சிக்கு மிக ஏற்ற காலம்.

முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யப்படும். ஒலி கேளாத குழந்தைக்குப் பேச்சு தானாக அமையாது. பின்னர், விளையாட்டின் வழியே பயிற்சி அளிக்கப்படும். நாவில் வசம்பு அல்லது தேன் தடவுவதால் பேச்சு வருவதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது ஆபத்தானது.

பெரியவர்களுக்கு

பக்கவாதம், தலைக்காயம், பார்க்கின்சன் நோய், தொண்டைப் புற்றுநோய் ஆகியவற்றால் பேச்சு பாதிக்கப்படலாம். திடீரெனப் பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ உடனடியாக 108-ஐ அழையுங்கள்.

மூளையின் மொழிப்பகுதி பாதிக்கப்படும்போது ஏற்படும் மொழித்திறன் இழப்பு 'அஃபேசியா' எனப்படும். இந்நிலையில் உள்ளவருக்குச் சொல்ல வேண்டியது மனத்தில் இருக்கும். அதற்குரிய சொல் கிட்டாது. சிலருக்குப் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் கடினமாகும். இது அறிவுக் குறைபாடன்று. படத்தைப் பார்த்துப் பெயர் கூறுதல், முதல் எழுத்தைக் குறிப்பாகக் கொடுத்துச் சொல்லை நினைவூட்டுதல், பழகிய பாடலைப் பாடுதல் போன்ற பயிற்சிகள் அளிக்கப்படும். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன் பின்னரும் பயிற்சியால் பயன் உண்டு.

நோயாளி உண்ணும்போது இருமினாலோ புரையேறினாலோ அதனையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். உணவு மூச்சுக்குழாயில் சென்றால் நுரையீரல் தொற்று ஏற்படக்கூடும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

• தாய்மொழியிலேயே பேசுங்கள். இரு மொழிகள் கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை.
• குளிப்பாட்டும்போதும் உணவூட்டும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். குழந்தை "பூ" என்றால், "ஆமாம், சிவப்புப் பூ" என ஒரு சொல் சேர்த்துக் கூறுங்கள்.
• திக்கிப் பேசுபவரின் சொற்றொடரை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். "மெதுவாகப் பேசு" எனக் கண்டிக்காதீர்கள்.
• அஃபேசியா உள்ளவரிடம் சிறு சொற்றொடர்களில் பேசிவிட்டு, விடைக்குக் காத்திருங்கள். "காப்பியா, தேநீரா?" எனப் பொருளைக் காட்டிக் கேளுங்கள்.
• அவர் முன்னிலையிலேயே, அவர் இல்லாததுபோல் அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுவதைத் தவிருங்கள்.

எங்கு அணுகலாம்?

பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோர் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தை அணுகலாம். பெரியவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம். முந்தைய மருத்துவ அறிக்கைகளை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

பயிற்சியாளருடன் செலவிடும் நேரம் வாரத்தில் சில மணி மட்டுமே. மற்ற நேரமெல்லாம் குடும்பத்தினர் பொறுமையுடன் பேசுவதும் கேட்பதுமே பயிற்சியை நிறைவு செய்கின்றன.