நூறு கடிதம் போட்டால் இருபது பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நான் பாடத்தை விட்டுவிட்டுக் கதை சொன்னபோது பொறுமையாகக் கேட்டீர்களே, அதே பொறுமையோடு படியுங்கள்.

பாரிஸ் நகரத்தை ஒட்டி பிசேத்ர் என்ற சிறை இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய காலம். அங்கிருந்த கைதிகள் சிலர் வெளியூர்ப் பணக்காரர்களின் முகவரிகளைத் தேடிப்பிடித்துக் கடிதம் எழுதுவார்கள். எழுதுகிறவர் ஒரு பிரபுவின் வேலைக்காரராம். புரட்சியில் உயிர்பிழைத்து ஓடும்போது தங்கமும் வைரமும் இருந்த பெட்டியை வழியில் மறைத்து வைத்தார்களாம். அதை எடுக்கத் திரும்பி வந்தபோது சிறையில் மாட்டிக்கொண்டாராம். கொஞ்சம் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு உண்டு.

இதை எழுதி வைத்தவர் விடோக். முதலில் கைதி, பிறகு பாரிஸ் துப்பறியும் போலீசின் தலைவர்! 1828இல் வெளிவரத் தொடங்கிய தன் நினைவுக் குறிப்புகளில், நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வந்துவிடும் என்கிறார். பழைய மன்னராட்சி போய்விட்டதே என்று வருந்துகிறவர்களாகப் பார்த்துத்தான் எழுதுவார்களாம். யாருக்கு எங்கே வலிக்கும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இதே கதை பிறகு 'ஸ்பெயின் கைதி' என்ற பெயரில் அமெரிக்காவரை போனது. 1980களில் நைஜீரியாவிலிருந்து தபாலிலும் ஃபேக்ஸிலும் வந்தது. அதுவரை தூண்டிலில் இருந்த புழு ஆசைதான்.

1990களின் நடுவில் புழு மாறியது. அமெரிக்காவில் ஏஓஎல் இணையச் சேவை வைத்திருந்தவர்களுக்கு, அந்த நிறுவனத்தின் ஊழியர் பேசுவதுபோலச் செய்தி வரும்: கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லைத் தாருங்கள். 'ஃபிஷிங்' என்ற சொல்லே அந்தக் காலத்தில் பிறந்ததுதான். இதில் மாட்ட யாரும் பேராசைக்காரராக இருக்க வேண்டியதில்லை. நோட்டீஸ் வந்தால் உடனே கீழ்ப்படிகிறவராக இருந்தால் போதும். ஆயுள் முழுக்கச் சுற்றறிக்கைக்குக் கையெழுத்துப் போட்ட எங்களைப் போன்றவர்களைவிட வேறு யார் வேண்டும்?

நம் மாநிலத்தோடு தொடர்புள்ள ஒரு வழக்கு உண்டு. 2007இல், அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்கு அவருடைய வங்கியின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. விவரம் தராவிட்டால் கணக்கு இருக்காது என்றது. தந்தார். 6 லட்ச ரூபாய்க்கு மேல் போனது. கடவுச்சொல்லைக் கொடுத்தது உங்கள் தவறு என்றது வங்கி. ஆனால் 2010இல், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்ப்பு அலுவலராக இருந்த தமிழ்நாடு அரசுச் செயலாளர், வங்கியும் தன் பொறுப்பில் தவறியது என்று சொல்லி 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். இதற்கிடையில், 2008இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி 66சி என்ற பிரிவைச் சேர்த்திருந்தார்கள். அடுத்தவரின் கடவுச்சொல்லைத் திருடிப் பயன்படுத்தினால் மூன்றாண்டுவரை சிறை.

இவ்வளவும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் இருக்கிறது. போன நவம்பரில், உயிர்ச் சான்றிதழ் பதிவாகவில்லை, ஓய்வூதியம் நிற்கும் என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த இணைப்பை அமுக்கினேன். கார்டு எண்ணைப் போட்டேன், வந்த ஓடிபியையும் போட்டேன். 18,000 ரூபாய் போயிற்று. வங்கியின் முகவரியை நானே தட்டித் திறந்து பார்த்திருந்தால், அப்படி ஓர் அறிவிப்பே இல்லை என்று தெரிந்திருக்கும்.

பணம் போனதைவிட மோசம், இரண்டு நாள் நான் யாரிடமும் சொல்லாதது. ஊருக்கே பாடம் சொன்ன டீச்சர் ஏமாந்தாள் என்று மருமகளுக்குத் தெரியக் கூடாதாம்! 1930க்கு உடனே பேசினால், பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நான் மூன்றாம் நாள் பேசினேன். அதற்குள் அந்தக் கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

மருமகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, புகாரைப் பதிவு செய்து, எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்தாள். பணம் இன்னும் வரவில்லை.