சட்டமும் சாராயமும்: கள்ளக்குறிச்சி வரலாற்றில் தெரிவுச் சுதந்திரம்

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அன்றாடக் கூலியாட்கள். எவரும் அவர்கள் வாயில் ஊற்றவில்லை, தாமாகவே குடித்து மாண்டனர் என்று கூறியோர் உண்டு. இக்கூற்றை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி என்பது நமது போதனையின் அடிப்படைகளுள் ஒன்று. ஆயினும் ஏழை ஒருவன் தெரிந்துகொள்வதற்கு முன்னரே, அவன் முன் எவை வைக்கப்படவேண்டும், எவை விலக்கப்படவேண்டும் என்பதை வேறு சிலர் தீர்மானித்துவிடுகின்றனர். அத்தீர்மானங்களின் வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய்வோம்.

1. அரசும் வடிசாலையும்

கள்ளக்குறிச்சி அக்காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் மது வடித்தலையும் விற்றலையும் அரசின் உரிமத்திற்கு உட்படுத்தியது. சிற்றூர்களின் சிறு அடுப்புகள் படிப்படியாக ஒழிக்கப்பட்டு, சாராயம் வடிக்கும் உரிமை பெரிய வடிசாலைகளிடம் குவிந்தது. தென்னார்க்காட்டின் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியாரின் சர்க்கரை ஆலையும் வடிசாலையும் இருந்தன. 1897இல் தோன்றிய ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு ஷுகர் ஃபாக்டரீஸ் என்னும் நிறுவனம் இவ்விரு தொழில்களின் உறவைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. வெல்லத்தை ஊறவைத்து ஊரான் காய்ச்சினால் அது குற்றம்; சர்க்கரைக் கழிவுப்பாகிலிருந்து ஆலை வடித்தால் அது வருவாய்.

குறைந்த குடியிலிருந்து நிறைந்த வருவாய் பெறுவதே தன் கொள்கை என அரசு கூறிவந்தது. நடைமுறையில் வருவாயே முந்திநின்றது. குடிப்பதா, குடியாதிருப்பதா என்பது குடியானவனிடம் விடப்பட்டது. எதை, எங்கே, என்ன விலைக்கு என்பவை அவனிடம் விடப்படவில்லை.

2. ஒரு மலை, இரு சட்டங்கள்

1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கு விரிந்தது. தென்னார்க்காடு அப்பட்டியலில் இல்லை. கல்வராயன் மலையோ சேலத்திற்கும் தென்னார்க்காட்டிற்கும் இடையே கிடக்கிறது. ஆகவே ஒரே மலைத்தொடரின் மேற்குச் சரிவில் குடி குற்றமாயிற்று. கிழக்குச் சரிவில் உரிமம் பெற்ற கடை நீடித்தது. மதுவிலக்கினால் குறையும் வருவாயை ஈடுசெய்ய வழி தேடிய இராஜாஜி 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது. போர்க்காலத்தில் நிறுத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்த 1948இல் மாகாணம் முழுவதற்கும் உரியதாயிற்று.

மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் என அழைக்கப்படுகின்றனர். கேரளத்தாருடன் இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. நெடுங்காலம் ஜாகீர்தார்களின் கீழிருந்த இம்மலை 1976இல்தான் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் தாமதித்த இடத்திற்கு மதுவிலக்குக் காவலர் முந்திச் சென்றனர். வெல்லமும் மரப்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சுவது அங்கே சிலருக்குப் பிழைப்பாகவும் வழக்காகவும் இருந்துவந்தது. ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது ஊறலிலிருந்து பிறந்ததன்று, தொழிற்சாலைப் பயனுக்கான இரசாயனம். கள்ளச்சாராயம் என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் மூடிவிடுகிறது.

3. திறந்ததும் மூடியதும்

1971இல் மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. 1974இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி. இராமச்சந்திரனின் அரசு அவற்றைத் திறந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் என்னும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் நிறுவப்பட்டது. 1987 ஜனவரி முதல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. ஆலைகளில் செய்யப்படும் பிராந்தி, விஸ்கி முதலியவை தடைசெய்யப்படவில்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் தனியுரிமையாயிற்று.

இவற்றுள் 1987ஆம் ஆண்டின் முடிவு ஊன்றி நோக்கத்தக்கது. கள் பனையேறியின் கைத்தொழில். அதற்கு ஆலை வேண்டியதில்லை. ஆலை மதுவோ சில முதலாளிகளின் கையில் அடங்குவது, எளிதில் வரி வசூலிக்கத்தக்கது. ஆலை அதிபர்களின் நலனுக்காகவே கள் தடை நீடிக்கிறது என்று கள் இறக்குவோர் இயக்கத்தார் நெடுநாளாகக் குற்றஞ்சாட்டி வருகின்றனர். நோக்கம் எதுவாயினும் விளைவு தெளிவு. அண்டையிலுள்ள புதுச்சேரியிலும் கேரளத்திலும் கிடைக்கும் கள் இங்கே குற்றம். ஏழைக்கு எஞ்சியவை அரசுக்கடையின் புட்டியும் அதனினும் மலிவான கள்ளச்சாராயப் பொட்டலமும் ஆகும். டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 2003-04இல் ஏறத்தாழ 3,640 கோடி ரூபாய்; 2023-24இல் 45,855 கோடி ரூபாய். இவ்விற்பனை அனைத்தும் இன்றும் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழேயே நடைபெறுகிறது.

4. சுதந்திரம் என்னும் முழக்கம்

சட்டத்தை நீக்கினால் சுதந்திரம் மலரும் என்பாரும் உளர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு இங்கே பயன்படும். அங்கே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியது. ஆலைச் சாராயத்தை எவரும் குடியாதிருக்க, 1926-27இல் அதில் மெத்தனாலைக் கூடுதலாகக் கலக்க அரசே ஆணையிட்டது. அதனைக் குடித்தும் பலர் மாண்டனர். மறுபுறம், மதுவிலக்கை ஒழிக்கப் பாடுபட்ட சங்கத்திற்குப் பொருளுதவி செய்தோருள் டூபாண்ட் குடும்பத்தார் போன்ற பெருந்தொழிலதிபர்கள் இருந்தனர். அவர்களது முழக்கம் தனிமனித சுதந்திரம். மது வரி திரும்பினால் வருமான வரி குறையும் என்னும் நம்பிக்கையும் அவர்களுக்கு இருந்தது. தடைசெய்த கையும் விடுவித்த கையும் எளியவனின் நலனை முதன்மையாகக் கொள்ளவில்லை.

5. திருச்சபையின் பணி

நம் முன்னோர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர். 1888இல் இலண்டனில் தோன்றிய ஆங்கிலோ-இந்திய மதுவிலக்குச் சங்கம் குடிகாரனை மட்டும் கண்டிக்காமல் அப்காரிக் கொள்கையையே கண்டித்தது. மிஷனெரிமார் பலர் அதனுடன் ஒத்துழைத்தனர். அதன் முயற்சியால் 1889இல் பிரிட்டிஷ் மக்களவை இந்திய அப்காரிக் கொள்கையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. கடை திறக்கும் முன் அவ்வூராரின் கருத்தை அறியவேண்டும் என்னும் கோட்பாட்டை இந்திய அரசும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அக்கோட்பாடு இங்கே உரிமையாக மலரவில்லை. மகாராஷ்டிரத்தில் ஊரார் வாக்கெடுத்து மதுக்கடையை மூட விதி உண்டு. ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்க வகைசெய்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. கல்வராயன் மலைக்கும் அவ்வதிகாரம் இல்லை. கருணாபுரத்திற்குப்பின் தமிழ்நாடு சட்டப்பேரவை தண்டனையை ஆயுள்சிறை வரை உயர்த்தியது. உயர்நீதிமன்றம் புலனாய்வை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. இவை வேண்டியவையே. எனினும், தண்டனை உயர்ந்ததேயன்றி ஊராரின் உரிமை உயரவில்லை.

ஆபகூக் தீர்க்கதரிசி கூறும் 'ஐயோ' குடிப்பவன்மேல் அன்று, அயலானுக்குக் குடிக்கக் கொடுப்பவன்மேலேயே விழுகிறது (ஆபகூக் 2:15). நமது பிரசங்கங்களோ பெரும்பாலும் குடிப்பவனோடு நின்றுவிடுகின்றன. மதுவிலக்கு உறுதிமொழி வாங்கும் போதகர், தம் ஊர்க் கடைக்கு இடம் குறித்தவர் யார், அதன் வருவாய் எங்கே செல்கிறது, கிராம சபையின் தீர்மானம் எந்த அலுவலகத்தில் உறங்குகிறது என்பவற்றையும் விசாரித்தறிய வேண்டும். தெரிந்துகொள்ளும் பொறுப்பை ஏழையின்மேல் சுமத்தும் நாம், தெரிந்துகொள்ளும் உரிமையும் அவனுக்குக் கிடைக்க உழைத்தலே நீதியாகும்.