மாணிக்பாக் அரண்மனையின் எஃகுச் சாய்விருக்கை

எஃகுக் குழாயால் அமைந்த தளவாடங்களுள் உலகப் புகழ்பெற்றது, 1928ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் வடிவமைக்கப்பெற்ற நீண்ட சாய்விருக்கையாகும். லெ கொர்புசியே, அவர்தம் உறவினர் பியர் ஜான்னரே, ஷார்லோட் பெரியான் ஆகிய மூவரும் கூடி ஆக்கியது அது. அவ்விருக்கை இந்திய அரண்மனை ஒன்றுக்கு வந்து சேர்ந்த வரலாற்றை ஈண்டு நோக்குவோம். சுங்கை காடுட் வட்டாரத்துப் பால்மரக் காடுகளிலிருந்து பார்க்கும்போது அவ்வரலாறு சற்று வேறாகத் தெரிகிறது.

வளைத்த எஃகுக் குழாய் முதலில் மிதிவண்டிக்கு உரியதாக இருந்தது. ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் பணியாற்றிய மார்செல் புரோயர், தம் மிதிவண்டியின் கைப்பிடியைக் கண்டே 1925இல் குழாய் நாற்காலி செய்ய முற்பட்டார். மூன்றே ஆண்டுகளில் ஐரோப்பியக் கலைஞர் பலரும் அவ்வழியில் சென்றனர்.

பெரியானின் கதை தனித்துக் கூறத்தக்கது. 1927இல் வேலை நாடிச் சென்ற அவ்விளம்பெண்ணை, இங்கே மெத்தைகளுக்குப் பூத்தையல் போடுவதில்லை என்று சொல்லி லெ கொர்புசியே திருப்பியனுப்பினார். அவ்வாண்டே கண்காட்சி ஒன்றில் அவர் உலோகத்தால் அமைத்திருந்த அறையைக் கண்ட பின்னரே பணிக்கு அழைத்துக்கொண்டார். எனினும் சாய்விருக்கை நெடுங்காலம் லெ கொர்புசியே ஒருவரின் பெயராலேயே அறியப்பட்டது. அதன் புகழ்பெற்ற ஒளிப்படத்தில் சாய்ந்திருப்பவர் பெரியான். அவர்தம் முகமோ மறுபுறம் திரும்பியிருக்கிறது!

இருக்கையின் அமைப்பு எளிது. வில்போல் வளைந்த குழாய்ச் சட்டம் மேலே. நான்கு கால் கொண்ட தாங்கி கீழே. இரண்டையும் இணைக்கும் திருகாணியோ பற்சக்கரமோ இல்லை. தாங்கியின் குறுக்குத் தண்டுகளுக்கு இரப்பர் உறை இடப்பட்டுள்ளது. சட்டத்தைச் சற்று நகர்த்தி எந்தச் சாய்வில் வைத்தாலும், உடலின் எடை அழுத்த, இரப்பரின் உராய்வு அதனை அங்கேயே நிறுத்திவிடுகிறது. எஃகையும் தோலையும் வியந்து எழுதுவோர் இவ்விரப்பரைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அஃது இல்லையேல் இருக்கை வழுக்கி விழும் என்பதை ஆசிரியர்கள் இயற்பியல் பாடத்திலேயே எடுத்துக்காட்டலாம்.

இந்தூர் அரசர் யஷ்வந்த் ராவ் ஹோல்கர், ஆக்ஸ்போர்டில் பயின்ற காலத்தில் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியூசின் நட்பைப் பெற்றார். முப்பது வயதையும் எட்டாத அவ்விருவரும் 1930இல் மாணிக்பாக் அரண்மனைப் பணியைத் தொடங்கினர். தளவாடங்களுள் பெரும்பகுதி ஜெர்மனியில் செய்யப்பெற்றுக் கப்பலில் வந்தது. ஐலீன் கிரே, லூயி சோஞோ, ருல்மன் முதலியோரின் படைப்புகளும் அங்கு இடம்பெற்றன. பாரிஸ் சாய்விருக்கையும் வந்தது. அதற்குச் சிறுத்தைத் தோல் போர்த்தப்பட்டிருந்தது. பொறியின் அழகைப் போற்றிய படைப்பின்மீது வேட்டைத் தோல்! நமக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. ஆயினும் அரசர் வெறுமனே ஐரோப்பாவைப் படியெடுக்கவில்லை என்பதற்கு அதுவே சான்றாகிறது.

அரண்மனை எழுந்த அதே ஆண்டுகளில் மலாயாவில் நடந்ததென்ன? உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதியை அந்நாளில் மலாயாவே விளைவித்தது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால் வெட்டியோருள் பெரும்பாலோர் தமிழர். உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை சரிந்தது, கூலி குறைக்கப்பட்டது. 1930இல் கங்காணி வழி ஆட்சேர்ப்பு நின்றது. 1930 முதல் 1932 வரை பல்லாயிரம் தொழிலாளர், குடியேற்ற நிதியின் செலவிலேயே, கப்பலேறித் தமிழகம் திரும்பினர். ஐரோப்பியத் தளவாடங்கள் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த நாள்களில் இவர்களும் வந்திறங்கினர். முன்னவை எவரெவர் செய்தவை என்பது பட்டியலில் உள்ளது. ஒரு நாற்காலியின் இரப்பர் எத்தோட்டத்துப் பால் என்று எவரும் எழுதிவைப்பதில்லை.

1948இல் இந்தூர் சமஸ்தானம் மத்திய பாரதத்தோடு இணைந்தது. அரசர் 1961இல் மறைந்தார். 1980ஆம் ஆண்டு மே மாதம் மொனாக்கோவில் மாணிக்பாக் தளவாடங்கள் ஏலம் விடப்பட்டு உலகெங்கும் சிதறின. 2019இல் பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகம் அவற்றுட் பலவற்றைத் தேடித் திரட்டிக் காட்சிக்கு வைத்தது. அரண்மனைக் கட்டடமோ இந்திய நடுவண் அரசின் வரித்துறை அலுவலகமாயிற்று.