காய்க்காத மரத்தின்மேல் வாங்கிய கடன்

இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளிலே கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு செய்தி நம் செவியில் விழுகிறது. லயத்துப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் விளையாடுகிறார்கள். விளையாடுவதோடு நில்லாமல், அத்தகைய விளையாட்டுக்களைத் தாமே செய்து விற்றுப் பெரும்பொருள் ஈட்டவேண்டுமென்று கனவும் காண்கிறார்கள் என்பதே அது. இக்கனவைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. கொழுந்துக் கூடையையும் பால்வாளியையும் தவிர வேறெதனையும் தலைமுறை தலைமுறையாகக் காட்டாத ஓர் அமைப்பிலே, பிள்ளைகள் வேறொன்றைக் கனவு காண்பதே விழிப்பின் அறிகுறியன்றோ!

ஆயின், அவர்கள் காதுக்கு எட்டுவது கதையின் முற்பாதி மட்டுமே. பதினேழு வயதுப் பையன் செல்வந்தனான கதையைச் சொல்ல ஆயிரம் வாய்கள் உண்டு. அவனை வேலைக்கு வைத்த கம்பனியின் கணக்கேடு என்ன சொல்லிற்று என்பதைச் சொல்வார் அரிது. அந்தப் பிற்பாதிக்காகவே நாம் லிவர்பூல் நகரத்து 'இமாஜின்' கம்பனியின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். ஆங்கிலத்தில் அப்பெயருக்குக் 'கற்பனை செய்' என்று பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர் என்பதைப் போகப்போக வாசகர் காண்பர்.

லிவர்பூல் அடிமை வணிகத்தால் கொழுத்த துறைமுகம். பருத்தியும் சீனியும் இறப்பரும் அங்கே வந்து இறங்கின. குடியேற்ற நாடுகள் கையைவிட்டுப் போய், கப்பல்களும் வேறு துறைகளை நாடத் தொடங்கியபின், அந்நகரின் தொழிலாளி வேலையற்றவனானான். 1981இல் அங்கிருந்த பெரிய சீனி ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டு யூலையில் டொக்ஸ்டெத் என்னும் ஏழைப் பகுதியிலே தெருக்கள் தீப்பற்றி எரிந்தன. அந்நகரத்து இளைஞனுக்கு வேலை தரத் துறைமுகமும் இல்லை, ஆலையும் இல்லை. அப்போதுதான் வீட்டுக்கணினி வந்தது.

1982 ஏப்பிரலில் சின்கிளேயர் கம்பனி 'ஸ்பெக்ட்ரம்' என்னும் சிறு கணினியை விற்பனைக்கு விட்டது. மலிந்த வகையின் விலை 125 பவுண். வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை. பாட்டுக் கேட்கும் ஒலிநாடாக் கருவியே அதன் சேமிப்பறை. விளையாட்டும் ஒலிநாடாவிலேதான் விற்கப்பட்டது. நாடாவை ஓடவிட்டு, காதைக் குடையும் இரைச்சலைச் சில நிமிடம் பொறுத்திருந்தால் விளையாட்டுத் திரையில் தோன்றும். ஆகவே, இத்தொழிலில் இறங்க ஆலை வேண்டியதில்லை, இயந்திரத் தொகுதியும் வேண்டியதில்லை. ஒரு மேசையும், ஓர் இளைஞனின் மூளையும், நாடாவைப் படியெடுத்துத் தர ஓர் ஒப்பந்தக்காரரும் போதும். முதல் மிகக் குறைவு, லாபம் மிக விரைவு.

இச்சிறு பெட்டி யார் கையால் உருவாயிற்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விளையாட்டுக் கம்பனிகளின் புகழ்மாலைகளில் அவ்விவரம் இடம்பெறுவதில்லை. ஸ்கொட்லாந்தின் டன்டி நகரத்து டைமெக்ஸ் தொழிற்சாலையிலே, கைக்கடிகாரம் பூட்டிப் பழகிய தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலார் பெண்கள், இதனைப் பூட்டினார்கள். நுண்ணிய வேலைக்குப் பெண்ணின் விரலே ஏற்றது என்று முதலாளி சொல்லுவது நமக்குப் புதிய செய்தியா? கொழுந்து கிள்ளும் விரலுக்கும் நாம் கேட்டுச் சலித்த பாராட்டு அது. அந்த டன்டிப் பெண்கள் 1993இல் வேலைநிறுத்தம் செய்தபோது 343 பேர் வேலைநீக்கப்பட்டனர். சில மாதங்களுக்குள் தொழிற்சாலையே மூடப்பட்டது. பாராட்டு அவ்வளவோடு முடிந்தது.

லிவர்பூலுக்குத் திரும்புவோம். அங்கே 'பக்-பைட்' என்னும் சிறு வெளியீட்டகத்தில் வேலை செய்திருந்த மார்க் பட்லர், டேவிட் லோசன் என்ற இருவர் 1982இல் தனியே பிரிந்து இமாஜினைத் தொடங்கினர். முதல் வெளியீடு 'ஆர்க்கேடியா' என்னும் விண்வெளிச் சண்டை விளையாட்டு. அவ்வாண்டு நத்தார்ப் பருவத்திலே அது அமோகமாக விற்றது. நாடா ஒன்றின் விலை 5 பவுண் 50 பென்ஸ். நாடாவுக்கும் உறைக்கும் ஆன செலவோ அற்பம். பணம் வெள்ளம்போல் வந்தது. அலுவலகம் விரிந்தது, ஆட்கள் பெருகினர், விலையுயர்ந்த கார்கள் வாசலில் நின்றன, கம்பனியின் பெயரால் மோட்டார்ச்சைக்கிள் பந்தயக்குழுவும் ஓடிற்று.

விளம்பரத்தில் அக்கம்பனிக்கு இருந்த திறமையைச் சற்று நின்று நோக்கவேண்டும். யூஜின் எவன்ஸ் என்ற பதின்பருவ இளைஞர் ஆண்டுக்கு 35,000 பவுண் சம்பளம் பெறுவதாக நாட்டின் செய்தித்தாள்கள் எழுதின. வேலையற்றோர் தொகை முப்பது லட்சத்தைத் தாண்டியிருந்த நாட்டிலே இது எத்தகைய செய்தி! அத்தொகை மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னாளில் பேசப்பட்டது. உண்மையோ மிகையோ, அச்செய்தி செய்த வேலை ஒன்று உண்டு. "வேலையில்லை என்று ஏன் அழுகிறாய்? அந்தப் பையனைப் பார்" என்று ஒவ்வொரு தொழிலாளி வீட்டுக்கும் அது சொன்னது. ஒருவனின் அதிர்ஷ்டத்தைக் காட்டி இலட்சம்பேரின் வறுமைக்கு அவர்களையே குற்றவாளியாக்கும் வித்தை இது. நம் தோட்டங்களிலும் கங்காணியின் தங்கக் கடுக்கனைக் காட்டித்தானே கடலுக்கு அப்பாலிருந்து ஆள் சேர்த்தார்கள்!

1983இல் விளையாட்டுக்கள் அடுக்கடுக்காக வந்தன. சில நன்றாயிருந்தன. அறுபது வயதுப் பெரியவரும் சிரித்து விளையாடத்தக்க 'ஜம்பிங் ஜாக்' அவற்றுள் ஒன்று. சிலவோ அவசரத்தில் பிறந்த குறைப்பிள்ளைகள். 'ஸ்டொங்கர்ஸ்' என்ற போர்விளையாட்டு இடைநடுவே செயலற்று நின்றுவிடும் பிழையோடேயே கடைக்கு வந்தது. நத்தார் சந்தை காத்திருக்கும்போது பிழை திருத்த நேரம் ஏது?

அந்த நத்தாருக்கு இமாஜின் ஒரு தந்திரம் செய்ததாகச் சொல்வர். நாடாக்களைப் படியெடுக்கும் கூடத்தின் நேரத்தை முன்கூட்டியே மொத்தமாகப் பிடித்துக்கொண்டால், போட்டிக் கம்பனிகளின் சரக்குச் சந்தைக்கே வரமுடியாதல்லவா? அவ்வாறு படியெடுத்த நாடாக்கள் மலைபோற் குவிந்தன. வாங்குவோர் அவ்வளவு பேர் இல்லை. நத்தார் கழிந்தது, சரக்குத் தேங்கிற்று, விலை வீழ்ந்தது. சந்தையைத் தனியுடைமையாக்க நினைத்தவன் சந்தையின் அடியிலேயே அகப்பட்டான். அமெரிக்காவில் அதே 1983இல் அட்டாரி கம்பனி, விற்காத விளையாட்டுப் பெட்டிகளை லொறியில் ஏற்றிப் போய் நியூ மெக்சிக்கோப் பாலைவனத்தில் புதைத்தது. 2014இல் அவற்றைத் தோண்டியெடுத்தும் காட்டினர். பிரேசிலில் 1930களிலே கோப்பிக்கொட்டையை எரித்த அதே நோய் இது. வேண்டியோர்க்குக் கொடுக்க வழியில்லாதபோது அழிப்பதற்கு மட்டும் வழி தோன்றிவிடுகிறது.

இந்நிலையில் இமாஜின் செய்ததென்ன? இல்லாத பொருளை விளம்பரம் செய்தது. 'பாண்டர்ஸ்னாச்', 'சைக்ளாப்ஸ்' என இரண்டு மாபெரும் விளையாட்டுக்கள் வரப்போகின்றன. கணினியின் நினைவாற்றலைப் பெருக்கும் தனிக்கருவியோடு அவை வரும். விலை 40 பவுண் அளவில் இருக்கும் என்றது. ஐந்தரைப் பவுண் கொடுக்கவே தந்தையிடம் கெஞ்சும் சிறுவனிடம் நாற்பது பவுண்! இதழ்களில் வண்ணப் பக்கங்கள் நிறைந்தன. விளையாட்டோ முடிந்தபாடில்லை. மார்ஷல் கவென்டிஷ் என்ற பெரிய வெளியீட்டு நிறுவனத்துக்கு விளையாட்டுக்கள் எழுதித்தரும் ஒப்பந்தம் ஒன்றிருந்தது. அதை நம்பி ஆட்களைச் சேர்த்திருந்தனர். அவ்வொப்பந்தமும் முறிந்தது.

1984 யூலை 9ஆம் நாள் இலண்டன் உயர்நீதிமன்றம் கம்பனியைக் கலைக்க ஆணையிட்டது. இதழொன்றில் வெளியிட்ட விளம்பரத்துக்குக் கொடுக்கவேண்டிய ஏறத்தாழ 10,000 பவுண் கடனே உடனடிக் காரணம். விளம்பரத்தால் உயர்ந்த கம்பனி விளம்பரக் கடனாலே வீழ்ந்தது. இளம் தொழிலதிபர்களின் வெற்றியைக் காட்டவென்று பி.பி.சி. தொலைக்காட்சியினர் அப்போது அங்கே படம் பிடித்துக்கொண்டிருந்தனர். கடன்காரர்களின் ஆட்கள் வந்து பொருள்களைக் கைப்பற்றியதும், ஊழியர்கள் வெளியே நின்றதும் அவர்களுடைய படத்தில் பதிவாயின. அவ்வாண்டு டிசெம்பரில் நாடே அதைப் பார்த்தது.

தோல்விக்குக் காரணம் நாடாக்களைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்த சிறுவர்களே என்று இத்தொழிலின் முதலாளிகள் ஓயாமல் சொல்லிவந்தனர். படியெடுத்தல் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால், மோட்டார்ச்சைக்கிள் பந்தயக்குழுவைப் பள்ளிச்சிறுவன் படியெடுத்தா கவிழ்த்தான்?

இவ்வரலாற்றைப் படிக்கும்போது நம் மலைகளிலே சரியாக ஒரு நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்தது நம் நினைவுக்கு வருகிறது. 1870 அளவில் இலங்கை ஆண்டுக்குப் பத்து லட்சம் அந்தரளவில் கோப்பி ஏற்றுமதி செய்தது. பலாங்கொடை, இறக்குவானை மலைகளிலும் கோப்பி இருந்தது. 1869இலேயே இலைநோய் கண்டிருந்தும், உலகச் சந்தையில் விலை உயர்ந்து நின்றதால் துரைமார் மேலும் மேலும் காடழித்து நட்டனர். பணம்? கொழும்பு ஏஜன்சிக் கம்பனிகள் வரப்போகும் விளைச்சலின்பேரில் கடன் கொடுத்தன. அக்கம்பனிகளுக்கு வங்கிகள் கொடுத்தன. மரத்தில் காய் இல்லை, ஆனால் காயின்மேல் கடன் இருந்தது. பாண்டர்ஸ்னாச்சுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

விலை வீழ்ந்ததும் எல்லாம் சரிந்தது. 1884 மே மாதத்தில் ஒறியன்டல் வங்கி கதவடைத்தது. அதன் தாள்களே இந்நாட்டில் அதிகமாகப் புழங்கியவை. மக்கள் கலங்கி நிற்க, தேசாதிபதி ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். (1889இல் கேகாலையையும் இரத்தினபுரியையும் சேர்த்துச் சபரகமுவையைத் தனி மாகாணமாக்கியவரும் இவரே.) தாள் வைத்திருந்தவன் இவ்வாறு பிழைத்தான். மாதக்கணக்கில் கூலி பாக்கியாயிருந்த தொழிலாளியின் கையில் தாளே இல்லை. அவன் குடும்பத்தோடு இந்தியாவுக்கு நடந்தான். அல்லது தேயிலை நட வந்த அடுத்த துரையிடம் மறுபடி பெயர் பதிந்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறைத்தல் நேர்மையாகாது. லிவர்பூல் இளைஞனுக்குக் கம்பனி போயிற்று, கைத்தொழில் போகவில்லை. இமாஜினில் வேலை செய்த சிலர் சேர்ந்து 'டென்டன் டிசைன்ஸ்' என்ற சொந்த அமைப்பைத் தொடங்கி, முன்னிலும் நல்ல விளையாட்டுக்களைச் செய்தனர். அறிவு அவர்கள் தலைக்குள் இருந்தது. அதைக் கடன்காரன் வண்டியில் ஏற்றமுடியவில்லை. நம் தொழிலாளிக்கோ வேலை போனால் வீடும் போகும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தில் வெளியேறும்படி கட்டளையிடப்பட்ட தொழிலாளர் வெளியேற மறுத்துப் போராடியதும், அவர்களுக்காகப் பல தோட்டங்கள் வேலை நிறுத்தியதும் இதனால்தான். லிவர்பூலில் கதவு பூட்டப்பட்டபோது இளைஞர்கள் தாய்வீட்டுக்குப் போனார்கள். இங்கே பூட்டப்படுவது தாய்வீடே.

அதே 1984ஆம் ஆண்டுதான், தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தின்பின், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்பது இலங்கைத் தோட்டங்களில் ஏற்கப்பட்டது. முந்திய ஆண்டு யூலையில் இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த துணியோடு ஓடியிருந்தன. அக்காயம் ஆறாதிருந்தபோதே இது வென்றெடுக்கப்பட்டது. இதை எந்தத் தொலைக்காட்சியும் படம் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 35,000 பவுண் பையனைத் தெரிந்த நம் மாணவருள் எத்தனைபேருக்கு இது தெரியும்? ஆசிரிய நண்பர்களைக் கேட்கிறோம்.

மாணவர் கணினி கற்கவேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளற்க. விரைந்து கற்கட்டும், டென்டன் இளைஞரைப்போல் அறிவைத் தலைக்குள் வைத்துக்கொள்ளட்டும். விளையாட்டு எழுதும் பாடத்தோடு, அதை விற்றவர் யார், படியெடுத்தவர் யார், கணினியைப் பூட்டியவள் யார், கடைசியில் கூலி கிடைக்காமல் நின்றவர் யார் என்பதையும் அதே வகுப்பில் கேட்கட்டும்.

எஞ்சியதைச் சுருங்கச் சொல்வோம். இமாஜினின் மேலாளர் சிலர் அதே 1984இல் 'சைக்னோசிஸ்' என்ற புதிய கம்பனியைத் தொடங்கினர். முடியாத பாண்டர்ஸ்னாச்சின் எச்சத்திலிருந்து ஒரு விளையாட்டை 1986இல் 'பிரட்டாக்காஸ்' என்று வெளியிட்டனர். 1993இல் ஜப்பானின் சோனி அக்கம்பனியை வாங்கிற்று. 2012இல் லிவர்பூல் கூடத்தை மூடிற்று. இமாஜின் என்ற பெயரை, அதே பி.பி.சி. படத்தில் போட்டிக் கம்பனியாகக் காட்டப்பட்ட மான்செஸ்டர் நகரத்து 'ஓஷன்' விலைக்கு வாங்கி, தன் சரக்கின்மேல் பல ஆண்டுகள் ஒட்டிவந்தது. நம் மலைகளில் பட்டுப்போன கோப்பி மரங்களை வெட்டி, பட்டையுரித்து, கப்பலேற்றினார்கள். இங்கிலாந்தில் அவை தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின.