மேற்கு வாயிலின் காவலன்

மலையரண் சூழ்ந்த கண்டி நாட்டைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நெடுங்காலம் முயன்றும் அடக்க இயலவில்லை. 1803-இல் படையெடுத்த ஆங்கிலேயரும் பேரிழப்புற்றுத் திரும்பினர். அத்தகைய நாடு 1815-இல் ஏறக்குறையப் போரின்றியே வீழ்ந்தது. இதன் காரணத்தை அறிய, எல்லை காத்த மொல்லிகொட என்பானின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கண்டி நாட்டில் திசாவை என்பவன் மாகாணத்தின் ஆட்சித் தலைவன். அம்மாகாணப் படைக்கும் அவனே தலைவன். அவன் எல்லைப்புறத்தில் இருக்க, அவன் குடும்பம் தலைநகரில் அரசனின் கைக்குள் இருக்கும். பற்றுறுதிக்கு அதுவே பிணை.

1814-இல் முதல் அதிகாரான எகலப்பொல, நாயக்கர் குலத்து மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கனை எதிர்த்துக் கிளர்ந்தான். அவனை அடக்கச் சென்றவன் மொல்லிகொட. எகலப்பொல கொழும்புக்கு ஓடி ஆங்கிலேயரிடம் புகலடைந்தான். கண்டியில் இருந்த அவன் மனைவியும் மக்களும் கொல்லப்பட்டனர். அவன் பதவி மொல்லிகொடவுக்குக் கிட்டியது. ஆயினும் அக்கொலை, பிற தலைவர் நெஞ்சிலும் அச்சத்தை விதைத்தது.

1815 சனவரியில் தேசாதிபதி பிரௌன்றிக் போர் தொடுத்தான். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வழியைக் காக்க வேண்டிய மொல்லிகொட, ஆங்கிலேயருடன் மறைவில் தொடர்பு வைத்திருந்தான். போருக்குரிய தோற்றத்தை மட்டும் காட்டினான். குடும்பம் தீங்கின்றித் தப்பியதை அறிந்தபின் வெளிப்படையாகவே அவர் பக்கம் சேர்ந்தான். பிப்ரவரி 14-இல் ஆங்கிலப் படை கண்டியுள் புகுந்தது. நான்கு நாட்களில் மன்னன் பிடிபட்டான். மார்ச்சு 2-இல் கண்டி உடன்படிக்கை எழுந்தது. மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832-இல் ஆங்கே மறைந்தான்.

அரியணையை விழைந்த எகலப்பொலவுக்கு அது கிட்டவில்லை. இறுதியில் மொரீசியசுத் தீவில் சிறையிருந்து 1829-இல் இறந்தான். மொல்லிகொடவோ முதல் அதிகாராகவே நீடித்தான். 1817-இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பெட்டிபொல, அவர்தம் படைக்கலங்களைத் திருப்பியனுப்பிக் கிளர்ச்சியாளருடன் சேர்ந்தான், 1818-இல் தலையிழந்தான். அப்போதும் மொல்லிகொட ஆங்கிலேயர் பக்கமே நின்றான். ஆயினும் 1818 நவம்பர் 21-ஆம் நாள் அறிக்கை கண்டித் தலைவர்களின் அதிகாரத்தைப் பெரிதும் குறைத்துவிட்டது.

மொல்லிகொடவின் செயலைத் துரோகம் என்பாரும் உளர். தன் மக்களைக் காத்த தந்தையின் செயல் என்பாரும் உளர். ஒன்று மட்டும் தெளிவு. மன்னன் தன் காவலரை அன்பாற் பிணிக்கவில்லை, அச்சத்தாற் பிணித்தான். அச்சம் நீங்கிய அன்றே அப்பிணிப்பும் அற்றது.