மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்க் கார்கள்: வன்னியின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு பக்கம்

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வன்னிமைகளைப் பற்றியும் குளங்களைப் பற்றியும் பண்டாரவன்னியனைப் பற்றியுமே பேசியுள்ளனர். 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கையேடும், 1960இல் வெளிவந்த சி. எஸ். நவரத்தினத்தின் வன்னி பற்றிய நூலும் இத்துறையில் பலராலும் எடுத்தாளப்படுவன. ஆயின், 1990ஆம் ஆண்டுக்கும் 2002ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இப்பெருநிலப்பரப்பின் மக்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வாறு சென்றனர் என்னும் எளிய வினாவுக்கு விடை காண விழைவோர் வேறு வகையான சான்றுகளையும் நாடவேண்டியவராவர். அத்தகைய சான்றுகளுள் ஒன்று, பழைய பிரித்தானியக் காரின் காபரேற்றர் ஆகும். அதனை ஒரு வரலாற்று ஆவணமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியா தன் கார்களைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. 1947இல் ஒஸ்ரின் ஏ40 டெவனும், 1948இல் மொறிஸ் மைனரும், 1952இல் ஏ40 சமசெற்றும் சந்தைக்கு வந்தன. இவையும் இவற்றின் பின்வந்த கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்பர்ட் முதலியனவும் இலங்கையின் வீதிகளில் நிறைந்தன. 1970 முதல் 1977 வரை நிலவிய இறுக்கமான இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் புதிய கார்களின் வரவு அருகியது. உள்ளதைத் திருத்தி ஓடுதலே அக்காலத்து வழக்கமாயிற்று. 1977இன் பின் யப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தபோதும், வடபகுதியில் பழைய கார்கள் வாடகைக் கார்களாக நிலைத்து நின்றன. ஆகவே, பின்வந்த நெருக்கடிக்கு வேண்டிய கைப்பழக்கம் கராச்சுகளில் முன்னரே வேரூன்றியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, காபரேற்றர் என்பது யாது எனச் சிறிது நோக்குவோம். எரிபொருளை நுண்துளிகளாக்கி, அளவறிந்து காற்றுடன் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டும் கருவியே அது. எரிபொருளைச் சிறுதுளை வழியே தெளிக்கும் முறையை ஜெர்மனியரான வில்ஹெல்ம் மேபாக் 1893இல் உருவாக்கினார். ஏ40 கார்களில் செனித் வகையும், மொறிஸ் மைனரில் எஸ்.யூ. வகையும் பொருத்தப்பட்டிருந்தன. எஸ்.யூ. வகையில் கூம்பி ஒடுங்கும் ஊசியொன்று ஜெற் எனப்படும் துளையினுள் ஏறியிறங்கி எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும். அடியிலுள்ள நட்டைத் திருகி ஜெற்றைக் கீழிறக்கினால் கலவையில் எரிபொருள் மிகும், மேலேற்றினால் குறையும். சிறு சாவியொன்றும் பழகிய செவியும் உடையவருக்கு இதுவே போதும். கணினி கொண்டு எரிபொருளைச் செலுத்தும் இன்றைய இயந்திரங்களில் இவ்வாறு கைவைத்தல் எளிதன்று.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதும், அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத வடபகுதிக்கு எடுத்துச்செல்லும் பொருள்கள்மீது தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து முதலிய பல பொருள்கள் அதில் அடங்கின. வவுனியா நகர் அரச கட்டுப்பாட்டில் இருந்தமையால் வன்னியின் வாயிலாகவும் தடையின் எல்லையாகவும் அமைந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபோது அந்நகர மக்களும் அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்பு ஆகிய இடங்களை நோக்கி நகர்ந்தனர். மக்கள்தொகை பெருகிய அக்காலத்திலேயே எரிபொருள் அருகியது. நோயாளரையும் கருவுற்ற தாய்மாரையும் காட்டுவழியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய தேவையோ குறையவில்லை.

இந்நிலையில் ஓரளவேனும் கிடைத்த எரிபொருள் மண்ணெண்ணெயே. ஆயினும் பெற்றோல் இயந்திரம் அதனை எளிதில் ஏற்பதில்லை. பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். எனவே குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் பற்றுவதில்லை. இதனால் சிறு போத்தலில் பேணிவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரினுள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை கைக்கொள்ளப்பட்டது. பெற்றோல், உணவிற் சேர்க்கும் உப்பைப் போல, துளிக்கணக்கில் அளந்து செலவிடப்படும் பொருளாயிற்று. பழைய கார்கள் இதற்கு ஈடுகொடுத்தமைக்கு இயந்திரவியற் காரணமும் உண்டு. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. அமுக்கம் மிகுந்தால் அது உரிய வேளைக்கு முன்னரே வெடித்துத் தட்டொலி எழுப்பும். ஏ40 இயந்திரத்தின் அமுக்க விகிதம் 7.2:1 அளவினதே. நாகரிகத்திற் பின்தங்கியது எனக் கருதப்பட்ட இயந்திரம் இல்லாமையின் காலத்தில் முன்னின்றது இதனாலேயாம்.

இம்முறை வன்னியில் மட்டும் தோன்றிய புதுமையன்று. 1949இல் இங்கிலாந்தில் வெளிவந்த பெர்குசன் ரீஈடி20 உழவு இயந்திரம், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் சார்ந்த எரிபொருளில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே வடிவமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுவீடனில் சுமார் 70,000 வாகனங்கள் விறகு, கரி ஆகியவற்றின் வாயுவில் ஓடின. தமிழ்நாட்டிலும் கரிவாயு பேருந்துகளை இயக்கியது. ஆயின் ஒரு வேறுபாடு கருதற்பாலது. அங்கெல்லாம் அரசும் தொழிற்சாலையும் மாற்று வழிக்குத் துணைநின்றன. வன்னியிலோ உதிரிப்பாகமும் இன்றி, வழிகாட்டும் நூலும் இன்றி, மெக்கானிக்கின் கையறிவே அதனைச் சுமந்தது.

இதனைத் தமிழரின் கண்டுபிடிப்புத் திறனுக்குச் சான்றாகப் போற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. அப்போற்றுதல் முழு உண்மையன்று. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, அடித்தொட்டிக்குள் இறங்கி, மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கிற் கரி படியும். வளையங்களும் தாங்கிகளும் தேயும். புகையோ பயணியின் நெஞ்சையும் விட்டுவைப்பதில்லை. அன்றியும், வாகனத்தினுள் ஊற்றப்பட்ட ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெயும், மின்சாரமற்ற வீட்டில் ஒரு மாணவனின் ஜாம்போத்தல் விளக்குக்கு உரியதாயிருந்தது. ஆகவே இம்மாற்றம் வெற்றிக்கதை எனக் கூறுவதினும், இல்லாமைக்கு மக்கள் செலுத்திய விலையின் கணக்கு எனக் கூறுவதே பொருந்தும். திறமையை வியப்போர் அத்திறமையை வேண்டிநின்ற இடுக்கணை மறத்தல் ஆகாது.

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தடை பெரிதும் தளர்ந்தது. ஏப்ரலில் ஏ9 வீதி யாழ்ப்பாணம்வரை திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது, முள்ளிவாய்க்காலை அண்டிய கரையோரத்தில் கைவிடப்பட்ட வாகனங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஒரு மக்கட் கூட்டத்தின் பயண வரலாறும் அக்குவியல்களுடன் இரும்பாகிப் போயிற்று.

எஞ்சிய பழைய கார்கள் இன்று அரும்பொருளாகப் பேணப்படுகின்றன. அவற்றைப் புதுப்பிப்போர் முதலிற் கழற்றிப் போடுவன தேய்ந்த பாகங்களே. எஸ்.யூ. வகையின் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் உற்பத்தி செய்யப்படுகின்றமையால், புதியதொன்றைப் பொருத்துவது இயலாத செயலன்று. காரை ஓட்டுவோருக்கு அது நன்மையே. ஆயின் அகற்றப்படும் பழைய காபரேற்றரில், கைமுயற்சியால் அகற்றப்பட்ட துளையும், அட்டையில் வெட்டிய இடைத்தகடும், இடம்மாறிய ஊசியும் இருக்கக்கூடும். வர்த்தமானியோ செய்தியிதழோ கூறாத செய்தியை அவை கூறும்.

எனவே கலைப்பீட மாணவராகிய நாம் செய்யத்தக்க பணியொன்று உண்டு. விடுமுறையில் ஊர் திரும்பும் வன்னி மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் முதிய மெக்கானிக் ஒருவரைக் கண்டு, அவர் எதனை எவ்வாறு மாற்றினார், ஏன் மாற்றினார், எவரை ஏற்றிச் சென்ற வாகனம் அது என்பவற்றைக் கேட்டு எழுதுதல் வேண்டும். கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக்கு விற்குமுன் அதன் வரலாற்றைப் பதிவு செய்தல் வேண்டும். குளக்கட்டின் கல்வெட்டைப் படியெடுக்கும் அதே கவனம் கராச்சின் எண்ணெய்க்கறை படிந்த மேசைக்கும் உரியது. அம்முதியோரின் காலம் நீண்டதன்று. அவர்கள் அறிந்தது எழுதப்படாதொழியின், வன்னியின் வரலாறு அத்துணையும் குறைபட்டதாகவே நிற்கும்.