கோடையும் வளவும்: யாழ்ப்பாணத்து வீட்டுத்தோட்ட வேலைகளின் வரலாறு



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடைக்காற்றுடன் வரும் மாரிமழையே அந்நிலத்தின் பெருஞ் செல்வம். தை பிறந்தபின் மழை குன்றும். சித்திரையில் ஒரு சிறுமழை பெய்தால் உண்டு. அதன்பின் சோளகக் காற்று மண்ணின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு ஆவணி கடந்தும் வீசும். இத்துணை நீண்ட கோடையிலும் அங்குள்ள வீட்டு வளவுகளில் வாழை குலை தள்ளுகின்றது, முருங்கை காய்க்கின்றது, கத்தரியும் மிளகாயும் பாத்தியில் நிமிர்ந்து நிற்கின்றன. இப்பசுமை எவ்வாறு உண்டாயிற்று? கோடைகாலத்தில் நாள்தோறும் செய்யப்பட்ட சில சிறு வேலைகளே அதற்குக் காரணம். அவ்வேலைகளின் வரலாற்றையும், அவை எதனைக் காத்து நின்றன என்பதையும் இன்று சிறிது நோக்குவோம்.

முதலில் நீரைப் பற்றிச் சொல்லவேண்டும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மாரியிற் பெய்யும் மழை அக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த நிலமாதலால், அந்த நன்னீர் அடியிலே பரவியுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பது அறிவியல் கண்ட கணக்கு. அதே கணக்கின் மறுபுறம் அச்சந் தருவது. மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிடுமாயின், அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலெழும். ஐரோப்பிய அறிஞர்கள் இதனை 1889ஆம் ஆண்டிலும் 1901ஆம் ஆண்டிலும் தனித்தனியே எழுதிவைத்தனர். எழுத்தில் இக்கணக்கை அறியாத குடாநாட்டுத் தோட்டக்காரர், கிணற்று நீர் உவர்ப்பதை நாவினால் அறிந்து அதற்கேற்ப நடந்துகொண்டனர்.

அந்நீரை மேலே கொணர்ந்த கருவி துலா. நிறுத்திய ஆடுகால், அதன்மேல் ஆடும் நீண்ட துலா, துலாக்கொடியின் நுனியிற் பனையோலையால் இழைத்த பட்டை: இவ்வளவே அதன் உறுப்புகள். பெருந்தோட்டங்களில் ஒருவரோ இருவரோ துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பர். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைத் தாழ்த்தி, நிறைந்து வந்ததும் வாய்க்காலிற் கவிழ்ப்பார். மற்றொருவர் மண்வெட்டியுடன் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். வீட்டு வளவிலோ சிறு துலா போதும். பின்பக்கத்திற் கட்டிய பாரம் துணை செய்ய ஒருவரே அள்ளி இறைக்கலாம். வெயில் ஏறுமுன் இறைப்பு முடிந்துவிடும். மிதிப்பவரின் கால் களைத்தால் இறைப்பு நிற்கும். அவர் இளைப்பாறும் வேளையிற் கிணறு மீண்டும் ஊறும். மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது.

அள்ளிய நீர் வீணாகாதபடி செய்யும் வேலைகள் அடுத்தவை. கிணற்றடியிற் குளித்த நீரும் பாத்திரங் கழுவிய நீரும் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் சென்றன. தென்னையைச் சுற்றிப் பொச்சுமட்டைகளைப் புதைத்தனர். அவை நீரை உறிஞ்சி வைத்திருந்து வேருக்கு மெல்லக் கொடுக்கும். இறைப்புக்குப்பின் பாத்தியின் மேல்மண்ணை மெல்லக் கொத்திவிட்டால் அடியீரம் எளிதில் ஆவியாகிப் போகாது. புதிதாய் நட்ட கன்றுகளுக்கு ஓலைத்துண்டால் நிழல் வைத்தனர். பாகலுக்கும் புடோலுக்கும் பந்தலிட்டனர். அப்பந்தலின் நிழலிலே கீரை வளர்ந்தது.

கோடையின் மற்றொரு பெருவேலை வேலியடைத்தல். பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலியவற்றைக் கதிகாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டுவர். ஒருவர் வேலிக்கு உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று, குத்தூசியிற் கோத்த கயிற்றை மாறிமாறி வாங்கி இழுப்பர். வேலி மறைப்புக்காக மட்டும் எழுந்ததென்று கருதுதல் பொருந்தாது. அது சோளகக் காற்றின் கடுமையைத் தணித்தது. ஆடு மாடுகளைத் தடுத்தது. கதிகாலின் தழையை வெட்டி நிலத்தில் தாழ்த்தினால் அது பசளை; ஆட்டுக்குப் போட்டால் அது தீன். உக்கிப்போன பழைய ஓலையும் எரிக்கப்படாது தோட்டத்து மண்ணுக்கே சென்றது. இவ்வாறு வேலி ஒவ்வோராண்டும் சிறிது சிறிதாக மண்ணாகி, ஆழங் குறைந்த அந்நிலத்துக்கு உரஞ் சேர்த்தது.

இனி, பனையை மறந்து கோடையைப் பேச இயலாது. வில்லியம் பெர்குசன் 1850ஆம் ஆண்டில் இம்மரத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். நுங்குக் காலம் கழிந்து, ஆடி ஆவணியிற் பனம்பழம் விழத் தொடங்கும். விடியற்காலையிற் பழம் பொறுக்குதல் சிறுவர் வேலை. பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பாயிற் பரவி, வெயிலிற் காயவைத்துப் பனாட்டாக்குதல் பெண்களின் வேலை. எஞ்சிய விதைகளை மழைக்கு முன் பாத்தியில் அடுக்கிவிட்டால், மாரி கழிந்தபின் கிழங்கு கிடைக்கும். கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். புளியைக் கோது நீக்கி உப்பிட்டு வைத்தலும், மிளகாய் உலர்த்தலும் இவற்றோடு நடந்தன. தோட்டத்தைக் காய வைக்கும் அதே வெயிலை உணவைக் காக்கும் கருவியாக்கிக்கொண்ட திறமை இங்கே புலப்படுகின்றது.

இவ்வளவின் பயிர்களிலும் வரலாறு படிந்திருக்கின்றது. போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசை 1619ஆம் ஆண்டிற் கைப்பற்றினர். மிளகாய், பப்பாசி, கொய்யா, மரவள்ளி, புகையிலை ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, ஐரோப்பியர் கடல்வழி கண்டபின் கீழைத்தேயங்களுக்கு வந்தவை. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் காலத்திற் புகையிலை பெருவணிகப் பொருளாயிற்று. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரை சென்றது. 1706, 1707ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்சு தொகுத்த தேசவழமை, காணி, தோட்டம், மரம் ஆகியவற்றின் உரிமைகளையும் பேசுகின்றது. ஒரு மரத்தையும் அதன் பயனையும் சட்டம் கவனிக்க வேண்டியிருந்ததெனில், வளவு எத்துணை மதிப்புடையதாய் இருந்தது என்பது சொல்லாமலே விளங்கும். பின்னர் ஆங்கிலேயர் காலத்திற் குடியேற்றச் செயலாளராய் இருந்த எமேர்சன் தெனன்ற், 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், இத்தோட்டங்களையும் கிணற்று இறைப்பையும் வியந்து எழுதினார்.

ஆயினும், இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இந்த உழைப்பு முழுவதும் உடையவர் கையால் நடந்ததன்று. ஒல்லாந்தர் தொகுத்த அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உண்டு. இலங்கையில் அடிமை முறை 1844ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் துலா மிதித்தவர், பனை ஏறியவர், வேலி அடைத்தவர் பலருக்குத் தாம் இறைத்த கிணற்றிலேயே தம் கையால் அள்ளிக் குடிக்கும் உரிமை இருக்கவில்லை. சாதியின் பேரால் நிகழும் சமூகக் குறைபாடுகளைத் தண்டனைக்குரியவையாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேதான் வந்தது. பழைய வளவின் பசுமையைப் போற்றும்போது அப்பசுமைக்கு நீரூற்றியவரின் தாகத்தையும் நினைத்தல் கடன்.

ஆதலால் 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரம் பரவியபோது, அது பலருக்கு விடுதலையாகவே தோன்றியதில் வியப்பில்லை. நால்வர் காலை முழுதும் செய்த வேலையை ஓர் இயந்திரம் விரைவில் முடித்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது, இறைப்பும் பெருகிற்று. ஆனால் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. கிணறு ஊறும்வரை அது காத்திருப்பதில்லை. கரையோரப் பகுதிகளிற் கிணறுகள் உவராகின. குழையும் எருவும் இருந்த இடத்தைச் செயற்கைப் பசளை பிடித்தது. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே எளிதில் நிலத்தடி நீரை அடைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த நைத்திரேற்று அளவு இலீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு விஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

போர் இவ்வரலாற்றை இடையே முறித்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் தம் வளவுகளை விட்டு ஒருமித்து வெளியேறினர். 2009ஆம் ஆண்டு போர் முடியும்வரை பனைகள் பெருந்தொகையாய் அழிந்தன. காவலரண்களுக்கென வெட்டுண்டவையும் பல. ஆண்டுகள் பல கழித்துத் திரும்பியவர்கள் கண்டது பற்றைக்காடும் தூர்ந்த கிணறும். ஓலைவேலி இருந்த இடங்களில் மதில்களும் தகரங்களும் எழுந்தன. மதில் உறுதியானதுதான்; ஆனால் அது தழை தருவதில்லை, உக்கி மண்ணாவதுமில்லை.

துலாவுக்குத் திரும்புவோம் என்று எவரும் சொல்லார். அதை மிதித்தவரின் கால்கள் அதனை விரும்பமாட்டா. அதன் அளவைக் கைக்கொள்ளுதல் இன்றும் கூடும். இயந்திரத்தைச் சிறிது நேரம் நிறுத்திக் கிணற்றை ஊறவிடலாம். குளித்த நீரை வாழைக்குத் திருப்பலாம். பாத்தியைச் சருகால் மூடலாம். மதிலோரத்திற் பூவரசங் கதிகால் நாலு ஊன்றலாம். மாரிநீர் தெருவால் ஓடிக் கடலிற் சேராமல் வளவுக்குள்ளேயே இறங்க வழி செய்யலாம். இவை பெரிய திட்டங்கள் அல்ல, வீட்டார் காலையிலும் மாலையிலும் செய்து முடிக்கக்கூடிய வேலைகள். உப்புநீருக்கும் எமக்கும் இடையில் உள்ளது மெல்லிய ஒரு நன்னீர்ப் படையே. அதைப் பல தலைமுறைகள் தம் கோடைகாலத்து உழைப்பினாற் காத்து எம்மிடம் தந்திருக்கின்றன. அடுத்த தலைமுறை அள்ளிக் குடிக்கும்போது அந்நீர் இனித்தல் வேண்டும்.